வேட்டைச் சீட்டின் விலை – ஒரு விமர்சனம்

ஆனி பிறந்து சாரல் விழத் தொடங்கிவிட்டால் தென்காசியில் பாடம் நடத்துவது எளிதன்று. மாணவர்களின் கண் கரும்பலகையில் நிற்காது. சன்னலுக்கு வெளியே மேகம் போர்த்திக் கிடக்கும் குற்றால மலைக்கு ஓடிவிடும். அப்படி ஒரு நாள் நிகழ்தகவு பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, பின் வரிசையிலிருந்து ஒரு மாணவர் எழுந்தார்.

"சார், பாகிஸ்தான்ல ஒரு காட்டு ஆட்டைச் சுடுறதுக்கு வெளிநாட்டுக்காரன் ரெண்டேகால் கோடி ரூவா குடுக்கானாம். நம்ம வரையாட்டுக்கும் அப்படிச் சீட்டு வித்தா, காட்டைக் காப்பாத்தக் காசு கெடைக்கும்லா?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவிட்டு நாணயம் சுண்டும் கணக்கிற்குத் திரும்பினேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. 'உயிரைக் கொல்வதற்குச் சீட்டா!' என்று காதைப் பொத்திக்கொள்வது எளிது. 'கோடி வருகிறதே!' என்று வாயைப் பிளப்பதும் எளிது. கேள்வியோ இரண்டு வகையிலும் தீரவில்லை. ஆகவே அந்த வாதத்தை எடைபோட்டுப் பார்ப்போம்.

முதலில் செய்தி உண்மையானதே. திருகிய கொம்புகளை உடைய மார்க்கோர் என்ற காட்டு ஆடு பாகிஸ்தானின் தேசிய விலங்கு. 2024 அக்டோபரில் கைபர் பக்தூன்க்வா மாநிலத்தில் நடந்த ஏலத்தில் ஒரு மார்க்கோருக்கான சீட்டு 2,71,000 டாலருக்குப் போயிற்று. நம் பணத்தில் ஏறத்தாழ இரண்டேகால் கோடி ரூபாய். அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கண்காணிக்கும் சர்வதேச உடன்படிக்கை, 1997-இல் பாகிஸ்தானுக்கு ஆண்டிற்கு ஆறு மார்க்கோர் என்று ஒதுக்கீடு கொடுத்தது. 2002-இல் அதைப் பன்னிரண்டாக்கியது. சீட்டுப் பணத்தில் நூற்றுக்கு எண்பது பங்கு அந்த மலையில் வாழும் ஊர்ச் சமூகத்திற்கு, இருபது பங்கு அரசுக்கு என்பது ஏற்பாடு.

இனி, சீட்டு என்பது என்ன? ஒரு குறிப்பிட்ட காட்டில், குறிப்பிட்ட பருவத்தில், குறிப்பிட்ட விலங்கு ஒன்றைச் சுடுவதற்கான அனுமதி. அமெரிக்காவில் மாநிலந்தோறும் இது உண்டு. உள்ளூராருக்கு ஒரு விலை, வெளி மாநிலத்தாருக்கும் வெளிநாட்டாருக்கும் வேறு விலை. வயோமிங் மாநிலத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே எல்க் என்றொரு பெரிய மான் உண்டு. நம் மிளாவுக்கு உறவு, உருவத்தில் அதைவிடப் பெரிது. அந்த மாநிலத்தவர் எல்க் சீட்டுக்கு 57 டாலர் கொடுக்கிறார். வெளியார் கொடுப்பது 692 டாலர். அது போதாதென்று, வெளியாருக்கே 'சிறப்புச் சீட்டு' என்று இன்னொன்றும் வைத்திருக்கிறார்கள். 2024-இல் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி அதன் விலை 1,950 டாலர்.

சிறப்பு என்றால் பெரிய கொம்பா, நல்ல காடா? ஒன்றும் இல்லை. அதே காடு, அதே மான், அதே பருவம். சீட்டுகள் குலுக்கலில் கொடுக்கப்படுகின்றன. வெளியாருக்கான சீட்டுகளில் நூற்றுக்கு நாற்பதை, கூடுதல் விலை கொடுப்பவர்களுக்கென்று தனியே குலுக்குகிறார்கள். அந்த வரிசையில் கூட்டம் குறைவு. அதிக விலை கொடுப்பவர் வாங்குவது மானை அல்ல, நிகழ்தகவை!

என் வகுப்பில் பாதியில் நின்ற பாடத்திற்கே இது நல்ல கணக்கு. கற்பனையாக எண்களை வைத்துக்கொள்வோம். மொத்தம் 100 சீட்டுகள். சாதாரண வரிசைக்கு 60, அதற்கு 600 பேர் மனுச் செய்கிறார்கள். சிறப்பு வரிசைக்கு 40, அதற்கு 160 பேர். முதல் வரிசையில் பத்தில் ஒருவருக்குச் சீட்டு விழும். இரண்டாவதில் நான்கில் ஒருவருக்கு. ஆண்டுதோறும் மனுச் செய்பவர் முன்னதில் சராசரியாகப் பத்து ஆண்டும் பின்னதில் நான்கு ஆண்டும் காத்திருக்க வேண்டும். குலுக்கலில் விழாதவருக்கு மனுக் கட்டணம் போக மற்ற தொகை திரும்பிவிடும். எனவே சிறப்புச் சீட்டுக்காரர் 1,258 டாலர் அதிகம் கொடுத்து ஆறு ஆண்டுக் காத்திருப்பை மிச்சப்படுத்துகிறார். ஐம்பத்தைந்து வயதுக்காரருக்கு அது லாபம் என்றே தோன்றும். மலை ஏற முழங்கால் இடம் கொடுக்க வேண்டுமல்லவா?

ஆனால் இந்த லாபம் பிறர் அறியாத வரையில்தான். செய்தி பரவி, முதல் வரிசையிலிருந்து 144 பேர் இரண்டாம் வரிசைக்கு மாறுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே 456 பேருக்கு 60 சீட்டு, இங்கே 304 பேருக்கு 40 சீட்டு. வகுத்துப் பாருங்கள், இரண்டும் ஒன்றே. அப்போது கூடுதலாகக் கொடுத்த 1,258 டாலர் எதையும் வாங்கவில்லை. வெவ்வேறு உயரத்தில் நீர் நிற்கும் இரண்டு தொட்டிகளை ஒரு குழாயால் இணைத்தால் மட்டம் சமமாவது போன்றதுதான் இது. எந்த இடத்தில் ஓட்டம் நிற்கும் என்பது எத்தனை பேருடைய பையில் பணம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. வாங்குபவருக்கு இந்தச் சீட்டு லாபமா என்ற கேள்விக்கு, நான் கண்ட விடை இவ்வளவே: அவசரமும் பணமும் உள்ளவர்கள் சிலராக இருக்கும் வரையில் லாபம்.

விற்கும் மாநிலத்தின் பக்கம் நின்று பார்த்தால் ஒரு நல்ல நியாயம் தெரிகிறது. அதை மறைக்கக் கூடாது. வருவாயைக் கூட்ட இரண்டு வழிகள்தாம் உண்டு. சீட்டுகளின் எண்ணிக்கையைக் கூட்டலாம். அப்போது அத்தனை விலங்குகள் கூடுதலாகச் சாகும். அல்லது விலையைக் கூட்டலாம். அப்போது ஒரு விலங்குகூடக் கூடுதலாகச் சாகாது. வெளியாரிடம் அதிகம் வாங்குவது நமக்கும் புதிதன்று. மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலில் நாம் நாற்பது ரூபாய் கொடுக்கும் இடத்தில் வெளிநாட்டார் அறுநூறு கொடுக்கிறார்கள். ஆனால் எத்தனை பேர் பார்த்தாலும் அந்தக் கல் குறையாது. மார்க்கோரைப் பார்க்கப் பணம் கொடுத்தவர் திரும்பும்போது, மலையில் ஒரு மார்க்கோர் குறைந்திருக்கும். இந்த வேற்றுமையை எந்த விலையும் அழிக்காது.

சரி, விலை ஏறினால் விலங்கு காக்கப்படுமா? இதற்கு விடை தேடி வெளிநாடு போக வேண்டாம். நம் நாட்டிலேயே இரண்டு சோதனைகள் நடந்து முடிந்திருக்கின்றன. வியப்பு என்னவென்றால், மலிவான சீட்டு ஒன்று ஓரளவு காத்தது. விலையுயர்ந்த சீட்டு ஒன்று அழிவுக்குத் துணை போயிற்று.

மலிவான சீட்டு நீலகிரியுடையது. அங்கே 1877-இல் வேட்டைக்காரர்களே கூடி ஒரு சங்கம் அமைத்தார்கள். 1879-இல் சென்னை அரசு நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. சீட்டு இல்லாமல் சுடக் கூடாது, இனப்பெருக்கக் காலத்தில் சுடக் கூடாது, வரையாட்டில் பெட்டையைச் சுடக் கூடாது என்று விதிகள் வந்தன. முதிர்ந்த கிடாவின் முதுகில் சேணம் போட்டதுபோல் வெளிறிய திட்டு தோன்றும். அந்தக் கிடாவைத்தான் சுடலாம். சீட்டுப் பணத்திலிருந்து காவலாட்கள் வைத்தார்கள். இதைப் புகழ்ந்து மட்டும் பேசுவதற்கில்லை. காலங்காலமாக மலையில் கண்ணி வைத்து உண்டவன் திருடனானான், துப்பாக்கியோடு வந்த துரை விளையாட்டு வீரரானார். நம் குற்றாலக் குறவஞ்சியில் பறவை பிடிக்க வரும் சிங்கன் நீலகிரியில் பிறந்திருந்தால் வழக்கு மன்றத்தில் நின்றிருப்பான். செந்நாயைத் தீய விலங்கென்று பட்டியலிட்டுக் கொன்றவருக்குச் சன்மானம் கொடுத்ததும் அதே சங்கந்தான். இருந்தும் வரையாடு அந்த மலையிலிருந்து அற்றுப்போகவில்லை. மூணாற்றிலும் இதே கதை. அங்கே தேயிலைத் தோட்டத் துரைமார்கள் 1928-இல் ஒரு சங்கம் வைத்து, மலையறிந்த முதுவர்களைக் காவலராக அமர்த்தினார்கள். அவர்கள் வேட்டைக்கென்று காத்த இரவிகுளம் 1975-இல் சரணாலயமாகி, 1978-இல் தேசியப் பூங்காவாயிற்று. இன்று வரையாடு அதிகமாக வாழும் இடம் அதுவே.

விலையுயர்ந்த சீட்டு புலியுடையது. நாடு விடுதலை பெற்ற பின் இருபது ஆண்டுக் காலம், வெளிநாட்டுச் செல்வர்களை அழைத்து வந்து புலி வேட்டையாட வைக்கும் 'சிகார்' நிறுவனங்கள் இங்கே கொழித்தன. வனத்துறை காட்டை வட்டங்களாகப் பிரித்து வேட்டைக்குக் கொடுத்தது. அந்நியச் செலாவணி கிடைக்கிறதென்று அரசும் மகிழ்ந்தது. பணம் நிறுவனத்திற்குப் போயிற்று, கருவூலத்திற்குப் போயிற்று. காட்டோரத்தானுக்குக் கிடைத்தது, பறையடித்துப் புலியைக் கலைத்ததற்கான கூலி. மொத்தம் எத்தனை புலி என்று எண்ணியவர் யாரும் இல்லை. 1970-இல் புலி வேட்டை தடை செய்யப்பட்டது. 1972-இல் நாடு முழுதும் எண்ணியபோது கிடைத்த கணக்கு 1,827. எண்ணாமலே சுட்டதற்குப் பிறகு எண்ணியது அது.

இன்னொரு செய்தி பலருக்குத் தெரியாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை ஒரேயடியாக ஒழித்துவிடவில்லை. சிறப்பு வேட்டை, பெரு வேட்டை, சிறு வேட்டை என்று மூவகை உரிமங்களுக்கு அதிலேயே இடம் இருந்தது. 1991-இல் வந்த திருத்தந்தான் அவற்றை நீக்கியது. வரையாடோ முதல் அட்டவணையில் இருப்பதால் அந்தக் காலத்திலேயே உரிமத்திற்கு அப்பாற்பட்டது. என் மாணவரின் யோசனைக்குச் சட்டத்தில் இடம் இல்லை என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம். ஆனால் சட்டம் மனிதர் எழுதியது, நாளை திருத்தலாம். வரையாட்டின் உடலமைப்பையும் தொகையையும் திருத்த முடியாதே! ஆகவே அந்தப் பக்கமும் பார்க்க வேண்டும்.

சீட்டுக்கு ஆதரவான விஞ்ஞான வாதம் இது: காட்டு ஆட்டினத்தில் ஒரு கிடா பல பெட்டைகளோடு கூடும். குட்டிகளின் எண்ணிக்கை பெட்டைகளைப் பொறுத்ததே அன்றிக் கிடாக்களைப் பொறுத்ததன்று. எனவே வயது முதிர்ந்த சில கிடாக்களை எடுத்தால் தொகை குறையாது. இதில் பெரும் உண்மை இருக்கிறது. ஆனால் இந்த வாதம் எடுப்பவன் கண்ணை மறந்துவிடுகிறது. கோடி கொடுப்பவன் நோஞ்சான் கிழட்டுக் கிடாவைத் தேடுவதில்லை, பெரிய கொம்பைத் தேடுகிறான். கனடாவில் ஆல்பர்ட்டா மாநிலத்து ராம் மலையில் பெருங்கொம்புச் செம்மறிகளை முப்பது ஆண்டுகள் தொடர்ந்து அளந்தார்கள். பெரிய கொம்புடையவை இளமையிலேயே, பல குட்டிகளுக்குத் தந்தையாகும் முன்பே, சுடப்பட்டுவிட்டன. தலைமுறை செல்லச் செல்லக் கொம்பு சிறுத்தது. 2003-இல் 'நேச்சர்' இதழில் இந்த ஆய்வு வெளிவந்தது. விலை ஏற ஏற இந்தத் தேர்வு இன்னும் கூர்மையாகும். இந்த வகையில் பழைய நீலகிரி விதி மேலானது என்பேன். அது கொம்பின் நீளத்தைப் பாராமல் முதுகின் நிறத்தை, அதாவது வயதைப் பார்த்தது.

சிங்கத்தில் கணக்கு இன்னும் கோணலாகிறது. 2015-இல் ஜிம்பாப்வேயின் ஹ்வாங்கே பூங்காவை ஒட்டிய நிலத்தில், ஆக்ஸ்போர்டு ஆராய்ச்சியாளர்கள் கழுத்துப்பட்டை மாட்டிக் கவனித்து வந்த சிசில் என்ற சிங்கத்தை ஓர் அமெரிக்கர் அம்பால் வீழ்த்தியது உலகச் செய்தியாயிற்று. தலைமை ஆண் மடிந்தால் புதிதாக வரும் ஆண் சிங்கம் பழைய குட்டிகளைக் கொன்றுவிடுவது உண்டு. சீட்டில் எழுதியிருப்பது ஒன்று. காட்டில் மடிவது ஒன்றோடு நிற்பதில்லை.

இனி வரையாட்டுக்கு வருவோம். எங்கள் ஊருக்குத் தெற்கே களக்காட்டு மலையிலும் வடக்கே திருவில்லிபுத்தூர் மலையிலும் அது வாழ்கிறது. 2024-இல் தமிழ்நாடு முழுவதும் ஒரே சமயத்தில் எண்ணியபோது கிடைத்தது 1,031. 2025-இல் 1,303. ஓராண்டில் நூற்றுக்கு இருபத்தாறு வளர்ச்சி! செய்தித்தாளில் படித்த நானும் மகிழ்ந்தேன். பிறகு ஆசிரியர் புத்தி சும்மா இருக்கவில்லை. 2024-இல் எண்ணியது 140 தொகுதிகளில். 2025-இல் 177 தொகுதிகளில். 177-ஐ 140-ஆல் வகுத்தால் அதுவும் நூற்றுக்கு இருபத்தாறு கூடுதலே! புதிய தொகுதிகள் எல்லாம் பழையவற்றைப் போலவே ஆடு நிறைந்தவை என்று சொல்ல முடியாதுதான். உண்மையிலேயே ஓரளவு பெருகியும் இருக்கலாம். ஆனால் இந்த இரண்டு எண்களை மட்டும் வைத்துக்கொண்டு 'பெருகிவிட்டது, சில கிடாக்களை விற்கலாம்' என்று எவரேனும் சொன்னால், அளவீட்டுப் பிழையைப் பற்றி முதலாண்டில் நான் நடத்திய பாடத்தை அவர் கேட்கவில்லை என்று பொருள். எண்ணியவர்களைக் குறை கூறவில்லை. மேகம் மூடிய பாறைச் சரிவில், மழையிலும் அட்டைக்கடியிலும் நடந்து எண்ணியவர்கள் அவர்கள். கணக்கைத் தொடங்கியதே பெரிய காரியம். போக்குத் தெரியப் பத்து ஆண்டுகளேனும் எண்ண வேண்டும்.

வேறொன்றும் உண்டு. 1,303 என்பது ஒரு மந்தையன்று. வரையாடு மலையுச்சிப் புல்வெளிகளில் வாழ்வது. அந்தப் புல்வெளிகள் காட்டுக் கடலில் தீவுகள்போல் சிதறிக் கிடக்கின்றன. தற்செயலான ஏற்ற இறக்கம் சுமாராக எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை ஒட்டியே இருக்கும் என்று படித்திருக்கிறோம். 900 ஆடுகள் ஓரிடத்தில் இருந்தால் ஏற்ற இறக்கம் முப்பது, அதாவது நூற்றுக்கு மூன்றுக்குச் சற்று மேல். 25 ஆடுகள் உள்ள மந்தையில் அது ஐந்து, நூற்றுக்கு இருபது! இரண்டு சிறுத்தை வந்தாலோ ஒரு கோடை நீண்டாலோ ஆட்டம் கண்டுவிடும் மந்தை அது. அதிலிருந்து ஒரு கிடாவை எடுத்ததால் கேடு வந்ததா இல்லையா என்று எந்தக் கணக்காலும் நிரூபிக்க முடியாது. சீட்டு விற்பவர் 'கேடில்லை' என்பார். எதிர்ப்பவர் 'கேடு' என்பார். இருவரும் ஐயத்தின் மேல் நின்றுகொண்டு பேசுவார்கள். சந்தேகத்தின் பலனை நான் ஆட்டுக்குக் கொடுப்பேன்.

மேலும், நீலகிரியில் வரையாட்டின் இடத்தைச் சுருக்கியதில் துப்பாக்கிக்கு மட்டுமா பங்கு? புல்வெளியை உழுது வைத்த தேயிலைக்கும், சீகை மரத்துக்கும், கற்பூர மரத்துக்கும் பங்கு இல்லையா? வேட்டைச் சீட்டு குண்டுக்குக் கணக்கு வைக்கும், மரக்கன்றுக்கு வைக்காது.

அப்படியானால் மார்க்கோர் எப்படிப் பிழைத்தது? பலுசிஸ்தானில் தோர்கர் என்ற மலை. 1980-களின் நடுவில் அங்கே மார்க்கோர் நூறு, இருநூறு என்ற அளவுக்கு இறங்கிவிட்டிருந்தது. மலைக்குடித் தலைவர்கள் தம் மக்களிடம் துப்பாக்கியைத் தாழ்த்தச் சொன்னார்கள்; அதுவரை வேட்டையாடியவர்களையே காவலராக்கிச் சம்பளம் கொடுத்தார்கள்; அந்தச் சம்பளத்திற்காக ஆண்டுக்கு ஓரிரு கிடாக்களை வெளிநாட்டாருக்கு விற்றார்கள். 2000-இல் தொகை 1,600-ஐத் தாண்டியதாகக் கணக்கிட்டார்கள். 2015-இல் மார்க்கோர் உலக அளவிலேயே ஆபத்துப் பட்டியலில் இரண்டு படி இறங்கி மூச்சுவிட்டது. கவனியுங்கள், அப்போது சீட்டின் விலை இரண்டேகால் கோடி இல்லை. அந்த விலை வெற்றிக்குப் பிறகு வந்தது. மலையில் நடக்கும் ஒருவனுக்கு உயிருள்ள ஆட்டினால் சம்பளம் வந்ததுதான் முதலில் நடந்தது. நீலகிரிக் காவலனும் மூணாற்று முதுவனும் செய்த வேலையும் இதுவே. சிகார் நிறுவனத்துக் காட்டில் இல்லாததும் இதுவே.

நம் பக்கத்துக் கணக்கு இந்த இடத்தில்தான் உறுத்துகிறது. வடகரை, மேக்கரைப் பக்கம் போய்ப் பாருங்கள். யானை இரவில் இறங்கித் தென்னையைச் சாய்த்துவிட்டுப் போகிறது. பன்றி கிழங்கைத் தோண்டிவிடுகிறது. வேட்டை வேண்டாம் என்று 1991-இல் நாடு முடிவு செய்தது. அதற்கான கட்டணத்தை அந்த விவசாயி ஆண்டுதோறும் செலுத்திக்கொண்டிருக்கிறார், சீட்டு எதுவும் வாங்காமலே. ஆரியங்காவுக் கணவாயைத் தாண்டினால் கேரளத்தில், பயிரை அழிக்கும் பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரம் 2022 முதல் உள்ளாட்சித் தலைவர்களுக்கு உண்டு. அமெரிக்காவில் சுடுபவர் பணம் கட்டுகிறார். அங்கே சுடுபவருக்கு உள்ளாட்சியே கூலி கொடுக்கிறது! தமிழ்நாட்டில் 2025 சனவரியில் வந்த முடிவின்படி, காப்புக் காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினரே சுடலாம். காட்டை ஒட்டியே வயல் வைத்திருப்பவருக்கு இந்த மூன்று கிலோமீட்டரால் என்ன பயன் என்று கேட்டால் எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அடுத்த வாரம் அந்த மாணவரிடம் இவ்வளவையும் சுருக்கிச் சொன்னேன். வரையாட்டுக்குச் சீட்டு வேண்டாம் என்பதை ஒப்புக்கொண்டார். பிறகு, "சீட்டு வேண்டாம் சார், சரி. அந்த எண்பது பங்கு இருக்குல்லா, அதை மட்டும் இங்க எப்படிக் கொண்டாரது?" என்றார். அவருடைய தந்தைக்கு மேக்கரையில் ஒன்றரை ஏக்கர் வயல் இருப்பதை அப்போதுதான் அறிந்தேன்.